ராத்தாவின் ஸுமாக் போத்தல்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில், மாசித்தூள் டப்பாவுக்கும் கறித்தூள் போத்தலுக்கும் இடையில் ஒரு பழைய ஜேம் போத்தல் இருக்கிறது. உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில், சற்று ஈரம் பட்ட மரத்தூள் போல ஒரு தூள். வீட்டுக்கு வருபவர்கள் மிளகாய்த்தூள் என்றே நினைத்துக் கொள்வார்கள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் காரம் இல்லை, புளிக்கும். அதுதான் ஸுமாக். அந்தப் போத்தலில் முதன்முதல் இருந்த தூள் 2006 ஓகஸ்டில் பெய்ரூத்திலிருந்து டமஸ்கஸ் வழியாக எங்கள் ஊருக்கு வந்தது. கொண்டு வந்தவர் எங்கள் ராத்தா.

ராத்தா 1998இல் பணிப்பெண்ணாக லெபனானுக்குப் போனார். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். நான் பேராதனைக்குத் தெரிவாகியிருந்தேன். ராத்தாவின் ஒரே மகள் உம்மாவிடம் வளர்ந்தாள். என் சாப்பாட்டுக் காசும் புத்தகங்களும் அவர் அனுப்பிய பணத்தில்தான் நடந்தன. நான் எழுதிய கடிதங்களிலோ "சுகமா, நாங்களும் சுகம், இம்மாதம் கொஞ்சம் கூடுதலாக அனுப்ப முடியுமா" என்பதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாட்களில் நான் பலஸ்தீனத்தைப் பற்றிக் கவிதை எழுதினேன். கிழக்கிலங்கையில் அதை எழுதாத முஸ்லிம் எழுத்தாளன் யார்? ஒலிவ மரம், கல், சாவிக்கொத்து எல்லாம் என் கவிதைகளிலும் தவறாமல் வந்தன. அதே வருடங்களில் பெய்ரூத்தில் ஒரு பலஸ்தீனக் கிழவிக்குக் கால் பிடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லச் சமைத்துக் கொண்டிருந்தவர் என் சொந்த ராத்தா என்பது 2006 வரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

2006 ஜூலை 12இல் யுத்தம் தொடங்கியது. ராத்தா வேலை செய்த வீட்டார் குண்டு விழாத மலைப்பக்கம் போய்விட்டார்கள். ராத்தாவைக் கூட்டிப் போகவில்லை. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. அவ்விதம் விடப்பட்ட எத்தனையோ பெண்களோடு அவரும் சிரியாவுக்குள் போய், டமஸ்கஸிலிருந்து விமானம் ஏறி வந்து சேர்ந்தார். ஒரு கைப்பையில் இரண்டு உடுப்பு, மகளுக்கு ஒரு கைக்கடிகாரம், இந்தப் போத்தல்.

உம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, காவிப்பொடியா?" என்றார். ராத்தா பதில் சொல்லாமல் வாங்கி மூடி வைத்துவிட்டார். ஒரு மாதம் அது அப்படியே கிடந்தது.

ஒருநாள் கீரிமீன் பொரித்திருந்தோம். வீட்டில் தேசிக்காய் இல்லை. ராத்தா எழும்பிப்போய் இரண்டு பம்பாய் வெங்காயத்தை மெல்லிய கீற்றாக அரிந்தார். கொஞ்சம் உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, போத்தலிலிருந்து ஒரு மேசைக்கரண்டி தூளைத் தூவி, கொஞ்சம் புதினாவைக் கிள்ளிப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தார். திறந்தபோது வெங்காயம் இளஞ்சிவப்பாகி, அதன் காரம் அடங்கியிருந்தது. தேசிக்காயின் புளிப்பு நாக்கைக் குத்தும். பழப்புளியின் புளிப்பு ஆணம் முழுவதும் பரவி மற்றதையெல்லாம் மூடும். இது இரண்டும் இல்லை. முதலில் ஒன்றும் தெரியாது, மென்று விழுங்கும்போது மெல்ல வரும். உம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காவிப்பொடிப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்துதான் ராத்தா பேசத் தொடங்கினார் என்று எனக்கு ஒரு நினைப்பு. பெய்ரூத்தைப் பற்றி நேரே கேட்டால் வாய் திறக்கமாட்டார். சமைக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாக வரும்.

அந்த வீட்டு எசமானின் தாயை எல்லோரும் 'தேத்தா' என்பார்களாம். அந்தப் பக்கத்தில் மூத்தம்மாவை அழைக்கும் சொல். 1948இல் ஹைஃபாவிலிருந்து சிறுமியாகப் படகில் வந்தவர். ஸுமாக் ஒரு செடியின் காய் என்பதையும், கொத்துக் கொத்தாகக் காய்ப்பதை உலர்த்தி இடிப்பார்கள் என்பதையும், இடிக்கும்போது உப்புச் சேர்ப்பது உண்டு என்பதையும் ராத்தாவுக்குச் சொன்னவர் அவர்தான். "உப்பப் பாத்துப் போடு. இதுக்குள்ளேயும் உப்பு இரிக்கி" என்று ராத்தா இன்றைக்கும் எங்களை எச்சரிப்பது தேத்தாவின் குரல்தான்.

தேத்தாவிடமிருந்து வந்த பெரிய சமையல் முஸக்கன். ஒலிவ் அறுவடைக் காலத்தில், புது எண்ணெய் வந்ததும் பலஸ்தீனக் கிராமங்களில் ஆக்குவது. ஒரு கோழிக்கு ஒரு கிலோ வெங்காயம் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் கணக்கு. கோழியை நான்காக வெட்டி, ஏலம், கறுவா, மிளகு, உப்புப் போட்டு அவித்தெடுக்க வேண்டும். வெங்காயத்தை அரிந்து, ஒரு தேநீர்க் கோப்பை ஒலிவ் எண்ணெயில், சிறு தீயில், முக்கால் மணி நேரம் வாட்ட வேண்டும். சிவக்கக் கூடாது, துவண்டு இனிக்க வேண்டும். இறக்கிய பிறகுதான் மூன்று மேசைக்கரண்டி ஸுமாக். தூளை நேரே சூடான எண்ணெயில் போட்டால் கருகிக் கசந்து போகும். தடித்த ரொட்டியைக் கோழி அவித்த தண்ணீரில் தொட்டு, அதன்மேல் வெங்காயத்தைப் பரப்பி, கோழியை வைத்து, இன்னும் கொஞ்சம் ஸுமாக் தூவிச் சூளையில் வைப்பார்கள். எங்களுக்குச் சூளை ஏது? ராத்தா தட்டை மூடிப் பக்கத்துப் பேக்கரிப் போறணைக்குக் கொடுத்தனுப்புவார். தேங்காய் எண்ணெயில் செய்து பார்ப்போமா என்று நான் ஒருமுறை கேட்டேன். பள்ளிக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மேலே தூவுவதற்கு அங்கே பைன் மரத்துப் பருப்பு. இங்கே ராத்தா கஜுவை வறுத்துத் தூவுகிறார். பிறகு தாவரவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: ஸுமாக்கும் மரமுந்திரியும் மாவும் அம்பரெல்லாவும் ஒரே குடும்பத்துச் செடிகளாம். எனவே கஜு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸுமாக்கிலும் கவனமாக இருப்பது நல்லது. ராத்தாவிடம் இதைச் சொன்னேன். "அதான் பொருந்துது" என்றார்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். நேற்றைய ரொட்டியைத் துண்டாக்கிப் பொரித்து, தக்காளி, வெள்ளரி, புதினாவுடன் ஒலிவ் எண்ணெயும் ஸுமாக்கும் சேர்த்துப் பிரட்டினால் ஃபத்தூஷ். நோன்பு துறக்கிற நேரம் கஞ்சிக்குப் பக்கத்தில் நன்றாகவே இருக்கும். பொரித்த முட்டைக்கு மேலே ஒரு சிட்டிகை. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்க்குப் பதிலாக அரைக் கரண்டி. இது தேத்தாவுக்குத் தெரியாத, ராத்தாவின் சொந்தச் சேர்க்கை. மீன் ஆணத்துக்கு மட்டும் சரிவரவில்லை. அங்கே கொறுக்காய்ப் புளியை அசைக்க எதுவாலும் முடியாது.

காஸாவில் பெருநாளைக்கு ஸுமாக்கிய்யா ஆக்கி அயல்வீடுகளுக்குப் பங்கிடுவார்கள் என்று படித்தேன். ஸுமாக்கை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் மாட்டிறைச்சி, கீரை, கடலை, எள் விழுது சேர்த்துத் தடிக்கக் காய்ச்சுவது. 2023 ஒக்டோபருக்குப் பின் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி காஸாவாகவே இருந்தது. ராத்தா அதன் முன்னால் உட்காரமாட்டார். அடுத்து வந்த பெருநாளன்று நான் படித்துக் காட்டக் காட்ட, பசளிக் கீரையை வைத்து ஸுமாக்கிய்யா ஆக்கி ஆறு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நான்கு வீடுகளில் பிடித்திருந்தது. ஒரு வீட்டார் கறி பழுதாகிப் புளித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். ஆறாவது வீட்டிலிருந்து கோப்பை மட்டும் கழுவித் திரும்பி வந்தது.

ராத்தாவின் மருமகன் இப்போது டோஹாவில். வரும்போதெல்லாம் ஸுமாக் பைக்கற் கொண்டு வருகிறார். ராத்தா விரலிடையே நசுக்கிப் பார்ப்பார். கருஞ்சிவப்பாக, சற்றுப் பிசுபிசுத்தால் நல்லது. பளிச்சென்ற சிவப்பில் மணல்போல் உதிர்ந்தால் எதையோ கலந்திருக்கிறார்கள் என்பார். தேறியது பழைய ஜேம் போத்தலுக்குள் போகும்.

போன வெள்ளிக்கிழமை முஸக்கன். ராத்தா வெங்காயம் அரிந்து கொண்டிருந்தார். இதை எழுதத் தொடங்கியிருந்ததால் கேட்டேன்:

"ராத்தா, அந்த வீட்டுல இத ஆக்கின நாள் நீங்க சாப்பிட்டயளா?"

"தேத்தா இருந்த வரைக்கும் சாப்பிட்டன். அவ மேசைக்குப் போக மாட்டா. தட்ட எடுத்துக்கிட்டு குசினிக்கு வந்திருவா. ரெண்டு பேரும் ஒரு தட்டுல."

"தேத்தா மௌத்தான பொறகு?"

ராத்தா கத்தியை நிறுத்தவில்லை.

"போய்க் கோழியப் பாரு தம்பி. தண்ணி வத்தப் போகுது" என்றார்.