சுமையேற்றினால்தான் தெரியும்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலில் எங்களை அதிகம் ஏமாற்றுவது பவர் சப்ளை என்னும் தகரப் பெட்டிதான். 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அது பழுதானால் பழி மெமரியின் மேலோ மதர்போர்டின் மேலோ விழும்.

ஓர் ஆசிரியையின் கொம்பியூட்டர் என்னிடம் வந்தது. வேறோர் இடத்தில் மெமரியை மாற்றியும் வேலை மும்முரமானதும் அணைந்துவிடுகிறதாம். பவர் சப்ளையைக் கழற்றி, பச்சை வயரைக் கறுப்பு வயரோடு இணைத்தேன். விசிறி சுழன்றது. மீட்டர் 12.1 காட்டியது. குறையே இல்லை! ஆனால் மனம் ஒப்பவில்லை. வெறுங்கையோடு நிற்பவனின் பலம் யாருக்குத் தெரியும்? மூட்டையைத் தூக்கச் சொன்னால்தானே தெரியும்!

அதற்காகவே ஒரு சோதனை மேசை அமைத்தேன். 12 வோல்ட், 55 வாட் வாகன ஹெட்லைட் பல்புகள் நான்கு. ஒவ்வொன்றும் சுமார் நாலரை அம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். நான்கையும் ஒன்றாகப் போட்டால் நல்ல பவர் சப்ளைகூடத் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடக்கூடும். 5 வோல்ட் பக்கத்துக்கு, அலுமினியத் தகட்டில் பூட்டிய 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். அந்தப் பக்கம் சுமையில்லாவிட்டால் சில பழைய வகைகளில் 12 வோல்ட் வீணாகக் குறைந்து காட்டும்.

மேசைக்கு வரும் மின்சாரத்துக்கு பியூஸும் ட்ரிப் சுவிட்சும் உண்டு. சந்தேகமான பெட்டியை முதலில் 100 வாட் இழை மின்குமிழ் ஒன்றின் ஊடாகவே இணைப்பேன். உள்ளே ஷோர்ட் இருந்தால் மின்குமிழ் பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சுமையேற்றுமுன் அதை அகற்றிவிட வேண்டும்.

12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும்; 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில். ஆசிரியையின் பெட்டி முதல் பல்புக்கு 11.8, இரண்டாவதற்கு 11.3, மூன்றாவதற்கு அணைந்தே போனது. உள்ளே கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தது.

வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் மேசை பூட்டிய அறையில்தான். பல்பின் கண்ணாடி தோலைப் பொசுக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தொழில் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

விற்பதற்கென வாங்கிய ஆறு பாவித்த பவர் சப்ளைகளையும் சோதித்தேன். இரண்டு தேறவில்லை.

"விசிறி சுத்துதே நானா, குடுத்தா என்ன?" என்றான் தொழில் பழகும் தம்பி.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த சம்பவத்தை அவனுக்குச் சொன்னேன். மேலே தானியம் காய்ந்துதான் இருந்தது. எங்கள் விசிறியும் அப்படித்தான், சுழலத்தான் செய்யும். அவன் பேசாமல் இரண்டையும் கழிவுப் பெட்டியில் போட்டான். அதில் எனக்கு நட்டம்தான். ஆனாலும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.

பாவித்த பவர் சப்ளை வாங்கும் சகோதரர்களே, விசிறி சுழல்வதைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். "சுமையேற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி அதற்குக் கோபிக்கமாட்டார்.