மயில் கழுத்து நிறம் கம்ப்யூட்டரில் வருமா?

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்றுதான் டிராயிங் வகுப்பில் படித்தோம். போட்டோஷாப்பில் ஒரு முனையில் சுத்த நீலம், மறுமுனையில் சுத்த மஞ்சள் வைத்து கிரேடியன்ட் இழுத்துப் பாருங்கள். பழைய 'கிளாசிக்' முறையில் நடுவே வருவது சாம்பல்! அது பெயின்ட் இல்லை, வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் வைத்து, நடுவில் சராசரி போட்டுவிடுகிறது. 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து, கண்ணுக்கு இயல்பாகத் தெரிகிற மாதிரி கலக்கும் 'பெர்செப்சுவல்' முறையும் உண்டு. ஆனால் நம் மனதில் இருக்கும் நிறம் அதற்கு எப்படித் தெரியும்?

அசோக் நகரில் வீட்டிலிருந்தே பத்திரிகை, போட்டோ டிசைன் செய்து கொடுக்கிறேன். எதிர் ஃபிளாட் அக்கா, வருஷத் திதிக்கு ஃபிரேம் போட அவர் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். பின்னணியில் பாதிக் கதவு, பாதி காலண்டர்.

"அதையெல்லாம் எடுத்துட்டு அம்மாவோட கல்யாணப் புடவை கலரைப் போட்டுடும்மா. மயில் கழுத்து. புடவை மடிப்புக்கு மடிப்பு இத்துப்போச்சு, கலராவது இருக்கட்டும்."

மயில் கழுத்து ஒற்றை நிறமா என்ன? பாவில் நீலம், ஊடையில் பச்சை. அசைந்தால் மாறும். ரெடிமேடாக இருக்கும் நீல-பச்சைப் பட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே ஷாம்பு விளம்பரம் மாதிரி இருந்தன.

புடவையை ஜன்னலோரம் விரித்து, காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்தோம். டியூப் லைட்டில் எடுத்தால் நிறம் ஏமாற்றும். கிரேடியன்ட் எடிட்டரில் பட்டைக்குக் கீழே தொட்டால் புது ஸ்டாப் வரும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் புடவைப் படத்திலிருந்தே ஐ-டிராப்பரால் நிறம் எடுத்தேன். மடிப்பின் ஆழத்தில் மைக் கறுப்பு, சரிவில் நீலம், முகட்டில் பச்சை, வெயில் பட்ட இடத்தில் லேசான பொன். இரண்டு ஸ்டாப்புக்கு நடுவே குட்டி வைரம் ஒன்று இருக்கும். எந்த நிறம் எதுவரை போகலாம் என்பதை அதை நகர்த்தித்தான் சொல்ல வேண்டும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் இப்படி நாமே கிரேடியன்ட் செய்யலாம்.

இதைச் செய்யும்போதெல்லாம் உதயம் தியேட்டர் ஞாபகம் வரும். 1983-ல் திறந்த அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. கையால் வரைந்த பேனர்கள் இருந்த காலத்தில், ஹீரோ கன்னத்தில் வெளிச்சம் மஞ்சளும் ரோஸுமாக இருக்கும்; நிழலில் ஊதாவோ பச்சையோ தெரியும். வெறும் கறுப்பை அப்பியிருந்தால் முகம் அழுக்காகியிருக்கும். நடுவே எந்த நிறத்தை நுழைப்பது என்று அந்த ஓவியர்களுக்கு எந்த எடிட்டரும் சொல்லித் தரவில்லை. ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைக் கெடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, நானும் கம்ப்யூட்டர்காரிதான் என்றாலும்.

பெரிதாகப் பிரின்ட் போட்டால் கிரேடியன்டில் வரி வரியாகத் தெரியலாம். அதனால் 'டிதர்' பெட்டியை டிக் செய்துவைத்தேன். 'அம்மா புடவை' என்று பெயர் கொடுத்து சேமித்தேன். அக்காவின் மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் உதவும்.

அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தோள்கிட்ட இன்னும் கொஞ்சம் பச்சை ஏறணும்மா."

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவிலிருந்த வைரத்தை நீலத்தின் பக்கமாக ஒரு இம்மி தள்ளினேன்.

"ஆங்... நிறுத்து, நிறுத்து" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.