கல்லின் மொழி

இரத்தினக்கல் என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுவது, பட்டை தீட்டப்பட்டுப் பொன்னில் பதிக்கப்பெற்று ஒளிரும் கல்தான். மண்ணிலிருந்து எடுக்கப்படும் வேளையில் அது எவ்வாறு இருக்கும் என்பதை நம்மிற் பலர் அறியார். ஆற்றுநீரில் உருண்டு, மூலைகள் மழுங்கி, மங்கிய தோலுடன் கிடக்கும் நீலக்கல்லுக்கும் வீதியோரச் சரளைக்கும் வேறுபாடு காண்பது எளிதன்று. அவ்வேறுபாட்டைத் தேடுவதே பல ஆண்டுகளாக எனது ஓய்வுநேர ஈடுபாடு. பத்திரிகைத் தொழிலுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும், சொல்லப்படுவதை உடனே நம்பிவிடக்கூடாது.

இரத்தினபுரிப் பகுதியில் களிமண்ணுக்கும் மணலுக்கும் அடியில் மணிச் சரளைப் படை ஒன்று உண்டு. சிங்களத்தில் அதனை 'இல்லம' என்பர். தமிழ்க் காதுக்கு அது வீட்டையே நினைவூட்டும்; கற்கள் குடியிருக்கும் வீடு என்றே நான் கொள்வதுண்டு. மலைப்பாறைகள் காலப்போக்கில் உதிர்ந்தபோது, கடினமும் கனமும் மிக்க கனிமங்கள் மட்டும் தேய்ந்தழியாமல் நீரோட்டத்தால் பள்ளத்தாக்குகளிற் சேர்ந்தன. சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றினால், இலேசானவை வெளியேறக் கனமானவை அடியில் எஞ்சும். நான் குழி தோண்டுபவன் அல்லன். அனுமதிப்பத்திரமின்றி அகழ்வது நமது நாட்டில் குற்றம். உரிமம் பெற்ற குழிகளில் வேண்டாமென ஒதுக்கப்பட்ட கற்களைச் சிறு தொகை கொடுத்து வாங்கிவருவதே எனது வழக்கம்.

இத்துறையில் முதலில் மறக்கவேண்டியது நிறத்தை. சிவந்ததெல்லாம் மாணிக்கமன்று. பிரித்தானிய முடியிலுள்ள 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்னும் வேறு கனிமம். 'மாத்தறை வைரம்' வைரமன்று, நிறமற்ற சேர்க்கன். மறுபுறத்தில், மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறாயினும் ஒரே கனிமமே. அதன் ஆங்கிலப் பெயரான கொரண்டம், 'குருந்தம்' என்ற நமது சொல்லிலிருந்து சென்றது என்பர். நிபுணர்களும் தடுமாறிய வரலாறு உண்டு. நெடுங்காலம் ஒலிவைன் வகையென எண்ணப்பட்ட இலங்கையின் பழுப்புக் கல்லொன்று, 1952ஆம் ஆண்டிலேயே புதிய கனிமமென நிறுவப்பட்டுச் சிங்களைற் எனப் பெயர் பெற்றது.

நிறம் ஏமாற்றினாலும் எடை ஏமாற்றுவதில்லை. சிறிய மின்தராசில் நீர்க்கோப்பையை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். முன்பே நிறுத்த கல்லை நூலிற் கட்டி, கோப்பையின் அடியைத் தொடாமல் நீரில் அமிழ்த்துங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி எண் கிடைத்துவிடும். 12 கிராம் கல் 3 கிராம் காட்டினால் விடை 4. அது குருந்தத்தின் எண். பளிங்கெனில் 2.65, ஸ்பினல் எனில் 3.6 அளவில் வரும். ஆயினும் 4 வந்த மாத்திரத்தில் துள்ளிக் குதிக்கவேண்டாம். கோமேதகம் சார்ந்த கார்னட் குடும்பத்திலும் சில கற்கள் அதை நெருங்கும். ஆகவே வடிவத்தையும் பார்க்கவேண்டும். நீலக்கல் ஆறு பக்கங்களுடன் நடு பருத்து இருமுனையும் ஒடுங்கும். ஸ்பினல் எட்டு முகங்கள் கொண்டது. தோரமல்லியின் குறுக்குவெட்டு உருண்ட முக்கோணம். அதன் உடலில் நெடுக்காகக் கோடுகள் ஓடும்.

இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு 'கெவுட' என்னும் கல்லே சாட்சி. பால்போல் மங்கிய இக்குருந்தத்தை ஒருகாலத்தில் நம்மவர் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனை வாங்கிச் சென்று உலையிலிட்டனர். கடும் வெப்பத்தில், கல்லுக்குள் மெல்லிய ஊசிகளாயிருந்த தைத்தேனியச் சேர்மம் கரைந்து, இரும்புடன் சேர்ந்து நீலநிறம் தந்தது. மலிவாய்ப் போன கல் விலையுயர்ந்த நீலமாயிற்று. அறியாமைக்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

அதே கெவுடவின் பெயரால் இன்று ஏழைகள் ஏமாற்றப்படுவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மலையகத் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற தொழிலாளியான அம்மையார் ஒருவர் தமது வெற்றிலைப் பையிலிருந்து மங்கிய கல்லொன்றை எடுத்துக் காட்டினார். காலஞ்சென்ற கணவர் ஓடையில் கண்டெடுத்ததாம். "சூடு காட்டுனா நீலமாயிருமாம் ஐயா. அதுக்கு 15,000 ரூபா முன்பணம் கேக்குறாங்க. குடுக்கலாமா?" என்றார். பேத்தியின் தோட்டை அடகு வைக்கவும் எண்ணியிருந்தார்.

கல் 21.2 கிராம். நீரில் 8 கிராம் காட்டியது. குருந்தமாயிருப்பின் 5.3 காட்டியிருக்கவேண்டும். "அம்மா, இது பளிங்கு. எவ்வளவு சூடு காட்டினாலும் நீலக்கல்லாக மாறாது. காசைக் கொடுக்காதீர்கள்" என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்தவர், "தோடாவது மிஞ்சுச்சே" என்று கல்லைப் பையில் முடிந்துகொண்டார். ஒருவரது நம்பிக்கையை எண்களால் உடைப்பது இனிய காரியமன்று. ஆனால் அந்த முன்பணம் போயிருந்தால் நம்பிக்கையுடன் தோடும் போயிருக்கும்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் அன்பர்களுக்கும் ஒரு சொல். குழியருகே சேறு பூசி நீட்டப்படும் கல்லெல்லாம் குழியிலிருந்து வந்ததன்று. கண்ணாடியைத் தராசு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். செயற்கைக் குருந்தத்தை அது காட்டிக்கொடுக்காது. வெர்னுயி என்ற பிரெஞ்சு அறிஞர் 1902இல் வெளியிட்ட முறையில் உருவாகும் கல்லுக்கும் அடர்த்தி அதே 4தான். பத்து மடங்கு பெருக்கும் வில்லையில் அதனுள் வளைந்த கோடுகளைக் காணலாம். இயற்கைக் கல்லின் நிறப்பட்டைகளோ நேராகவும் கோணமாகவும் இருக்கும். பெருந்தொகை கொடுக்குமுன் ஆய்வுகூடச் சான்றிதழ் கேட்பதே அறிவுடைமை.

சிவநடனத்தின் தத்துவத்தை மேலுலகுக்கு எடுத்துரைத்த ஆனந்த குமாரசுவாமியை நாம் அறிவோம். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தவர் என்பதும், தோரியனைற் என்ற கனிமம் அறியப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. கலையை நோக்கிய அதே கண்தான் கல்லையும் நோக்கியது. நமது பாடசாலைகளில், குறிப்பாக மலையகப் பாடசாலைகளில், ஒரு தராசும் ஒரு வில்லையும் பத்துக் கற்களும் வைத்து இதனைக் கற்பித்தால் என்ன? பெருஞ்செலவாகாது. தம் காலடி மண்ணில் கிடப்பது இன்னதென அறிந்த பிள்ளையை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாயிராது.