ஓராண்டும் ஒரு நாளும்

பார்க்எண்ட் வரை ரயில் விட ஆரம்பித்திருந்த புதிது, 2006 கோடை. நார்ச்சர்டு நிலையத்தில் அப்பா டிக்கெட்டோடு வருவதற்குள் நானும் தம்பியும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டு முடித்திருந்தோம்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், டீன் காட்டுக்குள் போகும் நீராவி ரயில் அது. லிட்னி சந்திப்பில் தொடங்கி பார்க்எண்ட் வரை ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. இன்ஜின் மூச்சுவாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் போகும். கரித்தூள் கண்ணில் விழுந்து உறுத்தும். அம்மா கண்ணாடியை ஏற்றச் சொல்லுவாள்; அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் இறக்குவோம். வெளியே ஓக் மரங்கள், ஈரப் பெரணி, மேய்ப்பவர் யாருமில்லாமல் திரியும் ஆடுகள்.

மனிதர் கைபடாத காடு என்று நான் வியந்ததைக் கேட்டு எதிர் இருக்கைத் தாத்தா சிரித்தார். சுரங்கத்தில் உழைத்தவர். நாங்கள் ஏறிய நார்ச்சர்டிலேயே நிலக்கரி வெட்டினார்களாம். காட்டுக்குள் மேடாகத் தெரிவதில் பலதும் சுரங்கக் கழிவைக் கொட்டியதுதானாம். அதன்மேல் மரம் வளர்ந்துவிட்டது. பெரிய சுரங்கங்களில் கடைசியான நார்தர்ன் யுனைடெட்டை 1965 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மூடிவிட்டார்கள். ஆனாலும் சிலர் தனியாக இன்னும் வெட்டுகிறார்கள் என்றார். அவர்கள் சுதந்திரச் சுரங்கக்காரர்கள். செயின்ட் பிரெவல்ஸ் வட்டத்துக்குள் பிறந்து, இருபத்தொரு வயது நிரம்பி, ஓராண்டும் ஒரு நாளும் சுரங்கத்தில் வேலை செய்தவருக்குத் தனக்கென்று சுரங்கம் கேட்கும் உரிமை உண்டு. பழைய வழக்கம் அது. 1838-ல் சட்டமாகவும் எழுதிவைத்தார்கள்.

"நான் குளோஸ்டரில் பிறந்தவன்!" என்று தம்பி எழுந்தே நின்றுவிட்டான். குளோஸ்டர் அந்த எல்லைக்குள் வராது என்று தாத்தா தலையாட்டியதும் அவன் முகம் சுண்டிப்போனது. நான் மதுரையில் பிறந்தவள். அதைச் சொன்னேன். சட்டத்தில் ஆண் என்றுதான் எழுதியிருக்கிறது, நீ எங்கே பிறந்திருந்தாலும் நடக்காது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பார்க்எண்டில் இறங்கும்வரை நான் அவரிடம் வாதாடிக்கொண்டே வந்தேன்.

2010-ல் எலைன் மோர்மன் என்ற பெண் சுதந்திரச் சுரங்கக்காரராகப் பதிவுபெற்றார். செய்தியைப் படித்ததும் அந்தத் தாத்தாவைத் தேடிப்பிடித்துக் காட்டவேண்டும் போலிருந்தது. என் வழக்கில் பாதி ஜெயித்தாயிற்று. மீதிப் பாதிக்கு மதுரையைத்தான் நகர்த்தவேண்டும்.