கோடைக்கு ஒரு ரயர், குளிருக்கு ஒரு ரயர்

ரயர் பற்றிக் கட்டுரை எழுதுவோம் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. பல்கலைக்கழகத்தில் நாம் கற்றவை தமிழும் வரலாறும். பாடசாலையில் கற்பித்தவையும் அவையே. இயந்திரங்களோடு எமக்கிருந்த உறவு துவிச்சக்கரவண்டியோடு தொடங்கி, நெடுங்காலம் அதனோடேயே நின்றுவிட்டது. ஆயினும் ரொறன்ரோவில் கார் இன்றி வேலைக்குப் போய்வர இயலாத குடும்பங்களுள் எமதும் ஒன்று. வீட்டில் இருப்பது ஒரே கார். அதனை ஓட்டுபவர் மூவர். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலைக்காக எமது மனைவியார் நாலேகாலுக்கே ஸ்காபுரோவிலிருந்து மிசிசாகாவுக்குப் புறப்படுவார். மாலையில் அதே காரில் மகன் வகுப்புக்குப் போவான். வார இறுதியில் கடைக்கும் கோயிலுக்கும் நாம் ஓட்டுவோம்.

2024ஆம் ஆண்டு யூலை மாதம் இந்நகரில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாதம் 16ஆம் திகதி டொன் வலி பார்க்வே வெள்ளத்தில் மூழ்கியது. அதே மாதத்தில் மற்றொரு நாள், கொட்டும் மழையில் 401ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாகக் குடும்பத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னே சென்ற வாகனங்களின் சிவப்பு விளக்குகள் ஒருங்கே எரிந்தன. நாமும் பிறேக்கை மிதித்தோம். கார் நிற்கவில்லை. கையிலிருந்த சுக்கான் திடீரெனப் பாரமற்றுப் போயிற்று; கார் தெருவில் ஓடவில்லை, நீரின்மேல் மிதந்தது. ஓரிரு கணங்களில் மீண்டும் தெருவைப் பற்றி, முன்னிருந்த பாரவூர்திக்கு ஒரு பாக தூரத்தில் நின்றது. மனைவியார் முருகனை அழைத்தது மட்டுமே எமக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகன் சிறிய அளவுகோல் ஒன்றை எடுத்துச் சென்று நான்கு ரயர்களையும் அளந்து வந்தான். தவாளிப்பின் ஆழம் இரண்டரை மில்லிமீற்றர். புதிய ரயரில் அது ஏறத்தாழ எட்டு மில்லிமீற்றர் இருக்கும்.

"அப்பா, சட்டப்படி இது இன்னும் ஓடலாம். ஆனா மழைக்கு இது ரயர் இல்லை" என்றான்.

அவன் சொன்னது எமக்குச் சுருக்கென்றது. ஏனெனில், ஒரு பொருளை அது தேயும்வரை பயன்படுத்துவதை நாம் பெருமையாகக் கொண்டவர்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டி ரயர் வெடித்தால் வெடித்த இடத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்துத் தைத்து, மீண்டும் பள்ளிக்கு ஓடியிருக்கின்றோம். அன்று அது சிக்கனம் மட்டுமன்று. பிழைக்கும் வழியும் அதுவே. ஆனால் அந்தத் துவிச்சக்கரவண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போயிற்று. இந்தக் கார் நூறு கிலோமீற்றர் வேகத்தில், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர் போகின்றது. வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும் என்று மகன் எமக்குப் பாடம் எடுத்தான். ஒரு ரயர் நிலத்தைத் தொடும் பரப்போ ஓர் உள்ளங்கை அளவேயாம். ஆக, நான்கு உள்ளங்கைகளில் எமது குடும்பம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

ரயர் மாற்றவேண்டும் என்பதில் அதன்பின் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எந்த ரயர் என்பதிலேதான் தகராறு எழுந்தது. மகனுக்குத் தேவைப்பட்டது கோடைகால 'பெர்ஃபோமன்ஸ்' ரயர். அதுவும் பதினெட்டு அங்குலப் பளபளப்பான றிம்மில். மழையைச் சாட்டாக வைத்துப் பையன் தன் ஆசையை நிறைவேற்றப் பார்க்கின்றான் என்றே நாம் ஐயுற்றோம். எமக்கோ, எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் மலிவான ரயரே போதுமெனத் தோன்றிற்று.

எமக்குப் பழக்கமான கராஜ்காரர் ஒருவர் இருக்கின்றார். அவரிடம் வழக்கைக் கொண்டுபோனோம். "மாஸ்ரர், முதல்லை ரயரிலை எழுதியிருக்கிறதை வாசியுங்கோ" என்றார் அவர். முப்பது ஆண்டுகளாக வாகனம் ஓட்டும் எமக்கு ரயரில் வாசிக்க இவ்வளவு இருக்கின்றதென்பது அன்றுதான் தெரிந்தது.

எமது காரின் ரயரில் 205/55 ஆர்16 91எச் என்று பொறிக்கப்பட்டிருந்தது. 205 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு ரயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீடு, அதாவது 615 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றர்வரை தாங்கும் என்பதன் அடையாளம். வீ என்றால் 240, டபிள்யூ என்றால் 270. பாரக் குறியீடும் வேகக் குறியீடும் காரின் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ளதற்குக் குறையலாகாது. மற்றொரு மூலையில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பழைய ரயர் மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்கும் எம்மவர் முதலில் பார்க்கவேண்டியது இந்த நான்கு இலக்கங்களையே.

தேய்மானத்துக்கும் ஓர் எண் உண்டு. அதனை இடுபவர் உற்பத்தியாளரே. ஆதலால் ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது சரியாகாது. ஆயினும் போக்கு விளங்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்னும் உயர்ரகக் கோடை ரயருக்கு அந்த எண் 300. எல்லாப் பருவ வகையைச் சேர்ந்த கொன்ரினென்ரல் டி.டபிள்யூ.எஸ். 06 பிளஸ் ரயருக்கு 560. பிடிமானம் மிகுந்த இறப்பர் விரைவில் தேயும்; நெடுநாள் உழைக்கும் இறப்பர் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். இரண்டையும் ஒருங்கே எவரும் தருவதில்லை. பின்னைய ரயரின் மேற்பரப்பில் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். முதலில் எஸ் அழிந்தால் இனிப் பனிக்கு உதவாது என்றும், டபிள்யூ அழிந்தால் மழைக்கு உதவாது என்றும் பொருள். தன் குறையைத் தானே எழுதிக் காட்டும் ரயரைக் கண்டு நாம் வியந்தோம். மாணவர் தேர்ச்சி அறிக்கையும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

கோடை ரயர் குறித்துக் கராஜ்காரர் சொன்னது எமது ஐயத்தைப் பாதி தீர்த்தது. அதன் அகன்ற தவாளிப்புகள் நீரை விரைந்து வெளியேற்றும்; வெப்பத்திலும் அதன் இறப்பர் நிலைகுலையாது. ஆகவே கோடை மழையில் பிறேக் பிடிக்கும்போது அது பொதுவாக எல்லாப் பருவ ரயரை விடக் குறுகிய தூரத்தில் நிற்கும். மகன் சொன்னது ஆடம்பரமன்று, உண்மை. ஆனால் வெப்பநிலை ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போகும்போது அதே இறப்பர் இறுகத் தொடங்கும். உறைபனியில் அது பலகை போலாகிவிடும். பனியில் ஏறக்குறையப் பயனில்லை.

பதினெட்டு அங்குல றிம் பற்றி அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 205/55 ஆர்16இன் பக்கச்சுவர் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர் உயரம். மகன் கேட்ட 225/40 ஆர்18இல் அது 90 மில்லிமீற்றர். வெளிவிட்டம் பெரிதும் மாறாது. றிம் பெருக்க, இறப்பர்ச் சுவரே குறைகின்றது. பனிக்காலம் முடிந்ததும் இந்நகரத் தெருக்களில் எத்தனை குழிகள் என்பது யாவரும் அறிந்ததே. அக்குழியின் அடியைத் தாங்குவது அந்தச் சுவர்தான். சுவர் குட்டையானால் அடி றிம்முக்கே போகும்.

இவ்வளவும் கேட்டு வீட்டுக்கு வந்தபின்னும் தந்தையும் மகனும் வாதாடிக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாதிருந்த மனைவியார் அடுக்களையிலிருந்து ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி. ஒக்டோபர் மாசம் விடியப்புறம் நாலேகாலுக்கு நான் வெளிக்கிடேக்கை ஏழு பாகை இருக்குமோ?"

இருவரிடமும் பதில் இல்லை. காரை அதிகமாக ஓட்டுபவர் அவர். நாளின் மிகக் குளிர்ந்த வேளையில், இருளில், தனியாக ஓட்டுபவரும் அவரே. நாமோ எமது பணப்பையை எண்ணினோம். மகன் தன் மாலைநேர ஓட்டத்தை எண்ணினான். அவருடைய அதிகாலையை இருவருமே எண்ணவில்லை. அதை உணர்ந்தபோது எமக்கு நாணமாக இருந்தது.

அதன்பின் முடிவு எளிதாயிற்று. எம்மிடம் ஏற்கெனவே நான்கு பனிக்கால ரயர்கள் தனி இரும்பு றிம்களில் இருந்தன. அவை இருக்கையில், எஞ்சிய மாதங்களுக்கு எல்லாப் பருவ ரயர் தேவையில்லை. கோடை ரயரே தகும். ஆனால் பதினாறு அங்குலத்தை மாற்றுவதில்லை. உச்ச ரகமும் வேண்டாம். ஈரத்தில் நிற்கும் திறனுக்கு ஏஏ என்ற உயர்தரம் பெற்ற நடுத்தர ரகம் போதும். இரண்டு சோடி மாறி மாறி ஓடுவதால் இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும். இவற்றோடு மகன் ஒரு வாக்கும் தந்தான்: குளிர் வருமுன் மாற்றும் பொறுப்பு தன்னுடையது.

அவ்வாக்கு அவ்வாண்டிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 2024இன் இலையுதிர்காலம் வழமைக்கு மாறாக வெப்பமாக இருந்தது. நாளைக்கு மாற்றலாம், அடுத்த கிழமை மாற்றலாம் என்று நாட்கள் போயின. நவம்பர் பிற்பகுதியில் ஒருநாள் மாலை, மறுநாட் காலை உறைநிலை என்று வானிலை அறிவிப்பு வந்தது. கராஜ்களை அழைத்தால், பத்து நாளுக்குப் பின்னரே இடமுண்டு என்றார்கள். இரவு பதினொரு மணிக்கு வகுப்பும் பகுதிநேர வேலையும் முடித்து வந்த மகன், உணவையும் தொடாமல் களஞ்சிய அறையிலிருந்து பனிக்காலச் சில்லுகளை ஒவ்வொன்றாக உருட்டிச் சென்றான். வாகனத் தரிப்பிடத்தில் நாம் கைவிளக்கைப் பிடிக்க, அவன் ஜக்கை உயர்த்தி நான்கையும் மாற்றினான். அளவுகருவி பொருத்திய சாவியால் சுரைகளை உரிய இறுக்கத்துக்கு இறுக்கினான். நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கவேண்டும் என்று தாளொன்றில் எழுதிச் சுக்கானில் ஒட்டினான். முடியும்போது மணி ஒன்று. அவன் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன.

நாலேகாலுக்கு மனைவியார் புறப்பட்டார். தெரு வெண்மையாக மினுங்கிற்று. அவர் அந்தத் தாளை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு, வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அழைத்தபோது, "தம்பி சாப்பிட்டவனோ?" என்று மட்டும் கேட்டார்.

கோடை ரயர் வாங்குவது ஒரு பொருளை வாங்குவதோடு முடிவதன்று. ஆண்டுக்கு இருமுறை செய்யவேண்டிய கடமையொன்றை ஏற்பது. அக்கடமையை ஏற்க இயலாத வீட்டில் அந்த ரயர் நன்மையன்று. ஜேர்மனியிலுள்ள எம் உறவினர், ஒக்டோபர் முதல் உயிர்த்த ஞாயிறு வரை பனிக்கால ரயர் என்று ஒரு வழக்கு வைத்திருக்கின்றார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆயினும் 2016 முதல் பனிக்கால ரயருக்குக் காப்புறுதிக் கழிவு தரவேண்டும் என்பது விதி. கேட்டுப் பெறுங்கள். எமது வீட்டில் இப்போது வேறொரு வழக்கு உண்டு: தீபாவளிப் பலகாரம் சுடுமுன் பனிக்கால ரயர், சித்திரைப் புத்தாண்டு பிறந்து இரு வாரம் கழித்துக் கோடை ரயர். கழற்றிய கோடை ரயரைப் பல்கனியில் போடவேண்டாம். கடுங்குளிரில் அதன் இறப்பர் வெடிக்கக்கூடும். காற்றழுத்தத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். வெப்பநிலை பத்துப் பாகை இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு பி.எஸ்.ஐ. குறையும்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்தக் காரை மிகக் கடினமான வேளையில் ஓட்டுபவர் யார்? அவருக்காகவே ரயரைத் தெரிவு செய்யுங்கள்.