லீவ் லெட்டரில் எழுத முடியாத வியாதி

வியாதிகளுக்கும் அந்தஸ்து உண்டு சார். பைபாஸ் என்றால் ஆபீஸே திரண்டு வந்து பார்க்கும். அப்பெண்டிக்ஸ் என்றால் ஒரு டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கிட்னியில் கல் என்றால் ஆளாளுக்கு வாழைத்தண்டு வைத்தியம். இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே வருகிற வியாதியை மட்டும் விசாரிக்க நாதி கிடையாது. காரணம், வந்தவன் வாயையே திறப்பதில்லை!

என் நண்பன் ஒருவன் (மானஸ்தன், பெயர் வேண்டாம்) இரண்டு வருஷம் திறக்கவில்லை. சட்டையை 'இன்' பண்ணுவதை நிறுத்தினான். பைக்கை விட்டு பஸ்ஸுக்கு மாறினான். வந்த வரன்களையெல்லாம் 'ஜாதகம் இடிக்குது' என்று தட்டிக் கழித்தான். "எவளையோ மனசுல வெச்சிருக்கான்ப்பா, நீதான் கேட்டுச் சொல்லணும்" என்று அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். 2022-ல் ஒரு நாள் மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். மனசில் ஒருத்தியும் இல்லை. இடது பக்க விதைப்பைதான் சாத்துக்குடி அளவுக்கு வீங்கியிருந்தது! வலி இல்லை, கனம் மட்டும். "கேன்சர்தான்டா... அம்மாவுக்குச் சொல்லிடாதே" என்று அழுதே விட்டான்.

மறுநாளே சர்ஜனிடம் இழுத்துப்போனேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, பேனா டார்ச்சை வீக்கத்தின் மேல் வைத்தாராம். உள்ளே செக்கச்செவேலென்று கார்த்திகை விளக்கு மாதிரி வெளிச்சம். "தண்ணி, அதான் வெளிச்சம் ஊடுருவுது. ஆனா பின்னால கட்டி ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு ஸ்கேன்ல பார்த்துடுவோம்" என்றார். கட்டி இல்லை. பெயர் ஹைட்ரோசீல். பழைய ஆட்கள் 'ஓதம்' என்பார்கள்.

விதையைச் சுற்றி இரண்டு மடிப்பாக மெல்லிய உறை இருக்கிறது. நடுவே கொஞ்சம் திரவம் சுரக்கும், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். வரவு கூடினாலோ செலவு குறைந்தாலோ மிச்சம் தேங்கும். பி.காம். படித்த எனக்குச் சட்டென்று புரிந்த ஒரே மருத்துவ விளக்கம் இதுதான்! அடிபட்டாலும் வரலாம், கிருமியாலும் வரலாம், காரணமே இல்லாமலும் வரலாம். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழுவாலும் வரும். அந்தப் புழுவால் மட்டும் இப்படி அவதிப்படும் ஆண்கள் உலகத்தில் சுமார் 2.5 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நண்பன் என்னவோ உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான்.

ரோமாபுரிப் பேரரசின் வீழ்ச்சியை ஆறு பாகமாக எழுதிய எட்வர்ட் கிப்பன் நம்மாளுக்கெல்லாம் குரு. 1761-ல் சர்ஜனிடம் காட்டிவிட்டு வந்தவர், அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் மூச்சு விடவில்லை. 1793 நவம்பரில் வேறு வழியில்லாமல் காட்டினார். சுமார் நாலு லிட்டர் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி நிரம்பியது. 1794 ஜனவரியில் மூன்றாவது தடவை எடுத்த சில நாளில் இறந்துபோனார். ஊசி வைத்து உறிஞ்சினால் உறை அங்கேயே இருக்கும், திரும்பவும் ஊறும். அதனால்தான் ஆபரேஷன்.

ஆபரேஷனுக்கு லீவ் வேண்டுமே! "நீதான் பத்திரிகைக்கு எழுதறவனாச்சே, நாசூக்கா ஒரு லெட்டர் போட்டுக் குடு" என்றான். 'சிறு அறுவை சிகிச்சை' என்றால் எங்கே என்று கேட்பார்கள். 'ஹெர்னியா' என்றால் டாக்டர் சர்டிபிகேட் காட்டிக் கொடுத்துவிடும். என் எழுத்துத் திறமையெல்லாம் தீர்ந்து, கடைசியில் 'ஹைட்ரோசீல் ஆபரேஷன், பதினைந்து நாள் விடுப்பு தேவை' என்று நேரடியாகவே எழுதினேன். மேனேஜர் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டர்ப்பா?" என்று கேட்டாராம்!

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். உறையைத் திறந்து தண்ணீரை வடித்து, தலையணை உறையைத் திருப்புவது போல உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துவிட்டார்கள். பிரெஞ்சு சர்ஜன் ஜாபுலே பெயரில் வழங்கும் முறை இது. சுரக்கிற திரவம் இனி தேங்க இடமில்லை; சுற்றியுள்ள சதை உறிஞ்சிக்கொள்ளும். உறை மெல்லியதாக இருந்தால், 1964-ல் பீட்டர் லார்ட் என்ற ஆங்கிலேய சர்ஜன் சொன்னபடி, புடவைக் கொசுவம் போல மடித்துத் தைப்பதும் உண்டு. எப்படியும் விதையில் கை வைப்பதில்லை.

அப்புறம் லங்கோடு மாதிரி தாங்கிப் பிடிக்கும் கட்டு. சில வாரத்துக்கு பைக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும், மெதுவாக வடியும். ஜுரமோ, சட்டென்று பெருக்கும் வீக்கமோ என்றால் உடனே டாக்டர். இன்னொன்று: முன்பின் இல்லாமல் திடீரென்று அங்கே உயிர் போகிற வலி என்றால் அது வேறு சமாசாரம். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரம்தான் அவகாசம். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நண்பன் இப்போது சட்டையை 'இன்' பண்ணி பைக்கில் பறக்கிறான். அம்மாவிடம் அவனே எல்லாம் சொல்லிவிட்டான். "இதுக்காடா ரெண்டு வருஷம்?" என்று தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அவர் மறுபடி வரன் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரே ஒரு சிக்கல். இந்தத் தடவை நிஜமாகவே ஜாதகம் இடிக்கிறதாம்!