ஊட்டி மலையும் 33 கிலோமீட்டரும்

மலைப்பாதையில் பேட்டரி கார்... நினைச்சாலே வயிற்றைக் கலக்குதா? எங்களுக்கும் கலக்கியது பாஸ்!

ஃப்ரெண்டோட அப்பா கோவையில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். பேங்க் லோனில் எடுத்த எலெக்ட்ரிக் கார். பச்சை போர்டு, மஞ்சள் எழுத்து. ஊருக்குள் பறப்பார். ஊட்டி சவாரி என்றால் மட்டும், "நடு மலையில நின்னுபோச்சுன்னா?" என்று கும்பிடு போட்டுவிடுவார். சீசனில் நாலு ஊட்டி சவாரி கிடைத்தால் மாசத் தவணை பயமே இருக்காது. "ஒரு தடவை எங்களை ஏத்திட்டுப் போய்ப் பாருங்க அங்கிள்" என்று மூணு பேரும் ஏறிக்கொண்டோம்.

30 யூனிட் பேட்டரி, ஃபுல் சார்ஜ். மேட்டுப்பாளையத்தில் 83 சதவிகிதம். கல்லாறு பாக்குத்தோப்பு முடிந்து மலை ஏறியதும் நம்பர் மளமளவென்று இறங்கியது. பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கக்கூட யாருக்கும் மனசில்லை. குன்னூரில் 42! "இன்னும் 33 கி.மீ. ஓடும்" என்றது மீட்டர். ஊட்டிக்கு 18 கி.மீ.தான். ஆனாலும் அங்கிள் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டோம். இந்த மீட்டர் கடைசியாக வந்த பாதையை வைத்தே மிச்சத்தைச் சொல்லும். ஏற்றத்தில் அது பயமுறுத்தத்தான் செய்யும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஆட்களோடு 1,700 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 9 யூனிட் வேணும். ப்ளஸ் டூவில் படிச்ச அதே எம்.ஜி.ஹெச். ஃபார்முலாதான்!

ஊட்டி சேர்ந்தபோது 27 சதவிகிதம் பாக்கி. லாட்ஜ்காரரிடம் முதலிலேயே கேட்டுவைத்திருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டோம். 80 வந்ததும் பிடுங்கிவிட்டோம். ஏன் தெரியுமா? இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரன்ட் அனுப்பும். பேட்டரி ஃபுல்லா இருந்தால் அந்தக் கரன்ட்டுக்கு இடமிருக்காது.

மறுநாள் கோத்தகிரி வழியா இறங்கினோம். கோத்தகிரியில் 70. மேட்டுப்பாளையத்தில்... 77! இறங்க இறங்க டேங்க் நிரம்புகிற டீசல் கார் எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? ஏறும்போது செலவான கரன்ட்டில் ஒரு பங்கு திரும்பிவந்த கதை இது.

நீங்களும் கிளம்பறீங்களா? கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, சதவிகிதத்தைப் பாருங்க. தூரத்தோடு உயரத்தையும் கணக்கில் சேருங்க. ஊட்டியில் இறங்கும்போது 20 சதவிகிதமாவது மிஞ்சுகிற மாதிரி புறப்படுங்க. தங்குகிற இடத்தில் பிளக் இருக்கான்னு ரூம் புக் பண்ணும்போதே கேளுங்க.

காரமடை தாண்டும்போது அங்கிள் செல் அடித்தது. யாரோ சவாரி கேட்டார்கள்.

"ஊட்டிங்களா? போலாமுங்க. எத்தனை பேருங்க?"

பின்சீட்டில் நாங்கள் விசிலே அடித்துவிட்டோம்!